மார்கழி முதல் காணும் பொங்கல் வரை... வாங்க, கொஞ்சம் புலம்பலாம்!

விடியற்காலை மைக் செட், வாசல் கோலம், சபா கேன்டீன், ஊருக்குப் போக டிக்கெட், போகிப் புகை, கரும்பு விலை... ஒரு மாதமும் சில நாட்களும் நீளும் பண்டிகைக் காலத்தின் முணுமுணுப்புகளைக் காதுகொடுத்துக் கேட்கும் சிறப்புக் கட்டுரை.

டிசம்பர் 16 வாக்கில் மார்கழி பிறக்கிறது. ஜனவரி நடுவில் பொங்கல் வந்து, மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று ஓடி முடிகிறது. இந்த நாட்களில் தமிழ்நாட்டு வீடுகளில் வாழ்த்துகளைவிட அதிகமாகக் காதில் விழுபவை வேறு. "இந்த மைக் செட்டை யாராவது கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்களேன்." "இருட்டுல எந்திரிச்சு போடுற கோலத்தை எவ பார்க்கப் போறா?" "டிக்கெட் கிடைச்சுதா?" "எங்க, எட்டு மணிக்கே வெயிட்டிங் லிஸ்ட்டு." "ஒரு கட்டுக் கரும்பு இந்த விலையா?" "பொங்கல்னா அந்தக் காலத்துப் பொங்கல்தாங்க!"

இதையெல்லாம் சொல்பவர்களில் ஒருவர்கூடப் பண்டிகையை வேண்டாமென்று சொல்வதில்லை. மைக் செட்டைத் திட்டியவர் குளித்துவிட்டுக் கோயிலில் சுடச்சுட வெண்பொங்கல் வாங்க நிற்கிறார். எவள் பார்க்கப் போகிறாள் என்று கேட்டவர், கேட்டுக்கொண்டே பதினைந்தாவது புள்ளியையும் வைத்து முடிக்கிறார். கரும்பு விலையில் பத்து நிமிடம் மல்லுக்கு நின்றவர் கடைசியில் ஒரு கட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டுதான் வீடு திரும்புகிறார்.

வேலை செய்கிறவருக்குத்தான் பண்டிகையில் புலம்ப விஷயம் இருக்கும். எந்த வீட்டில் யார் என்ன சுமக்கிறார் என்பதை வாழ்த்து அட்டை சொல்லாது, புலம்பல் சொல்லிவிடும். அதனால் இந்த முணுமுணுப்புகளை அலட்சியமாகத் தள்ளாமல், ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

நாலரை மணிப் பாட்டு

மார்கழியின் முதல் புலம்பல் காது வழியாக வருகிறது. தெருமுனைக் கோயிலில் விடியற்காலை நாலரை மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்து எழுகிறது. எம்.எல்.வசந்தகுமாரியின் குரலில் திருப்பாவை, அடுத்து திருவெம்பாவை, அதற்கடுத்து அந்தக் கோயில் நிர்வாகிக்குப் பிடித்த பக்திப் பாடல்கள். மற்ற மாதங்களில் தூரத்துக் கோயிலின் பாட்டு இப்படிக் கேட்காது. மார்கழியில் நான்கு தெரு தள்ளியிருக்கும் பாட்டும் தலைமாட்டில் கேட்கும்.

தூக்கம் கெட்டவரின் பிரமை என்று இதை ஒதுக்க வேண்டாம். பனிக்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிட, அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று ஓர் அடுக்காகப் படிந்து நிற்கிறது. ஒலி வெப்பக் காற்றில் வேகமாகவும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் செல்லும். அதனால் மேல்நோக்கிப் போக வேண்டிய ஒலி வளைந்து, மறுபடி தரைக்கே இறங்கி வருகிறது. ஒலிபெருக்கியை யாரும் கூட்டிவைக்காமலே மார்கழி அதைக் கூட்டிவிடுகிறது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. ஒலி மாசு தொடர்பான 2000-ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45 டெசிபல் என்று அளவும் உண்டு. விழாக் காலத்துக்காக மாநில அரசு வருடத்தில் 15 நாட்களுக்கு மிகாமல் விதியைத் தளர்த்தலாம். அதுவும் நள்ளிரவு 12 மணி வரைதான். மார்கழிக்கோ 29 அல்லது 30 நாள். அதன் பாட்டும் விடியலில்.

இதே மாதத்தில்தான் கிறிஸ்துமஸ் கேரல் குழுவினர் கிட்டாரோடும் டிரம்மோடும் வீடு வீடாக வருவார்கள். தென் மாவட்டங்களில் கேரல் பவனி நள்ளிரவைத் தாண்டியும் போகும். கேரல் முடிந்து கண் அயர்ந்தால் பஜனை தொடங்கிவிடும். நடுவில் கிடைக்கும் மூன்று மணி நேரத் தூக்கத்துக்காக அந்தத் தெருவே ஏங்கும். பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு நடப்பதும் டிசம்பரில்தான் என்பதைப் பிள்ளைகள் மறக்காமல் நினைவுபடுத்துவார்கள்.

எழுப்பப்படுகிறவரின் புலம்பல் புதிதல்ல. ஆண்டாளின் திருப்பாவையில் உள்ள 30 பாசுரங்களில் ஆறாவது முதல் பதினைந்தாவது வரை பத்துப் பாசுரங்கள் தூங்கும் தோழிகளை எழுப்புவதற்கே போகின்றன. பதினைந்தாவதில் உள்ளே படுத்திருப்பவள் பதிலுக்குப் பதில் பேசவும் செய்கிறாள். மாணிக்கவாசகரின் திருவெம்பாவை 20 பாடல்களிலும் தொடக்கத்தில் இதே காட்சிதான். ஆனால் அங்கே எழுப்பியவர்கள் வாசலில் வந்து நின்ற தோழிகள். உள்ளே யார் படுத்திருக்கிறாள், அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்து, கேலி செய்து, கெஞ்சி எழுப்பினார்கள். உள்ளே படுத்திருப்பது இரவுப் பணி முடித்துவந்த செவிலியரா, நேற்றுப் பிறந்த குழந்தையா என்று ஒலிபெருக்கிக்குத் தெரியாது.

மயிலாப்பூரில் பாபநாசம் சிவன் மார்கழி விடியலில் கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளைச் சுற்றிப் பாடிக்கொண்டே போனார். அவர் வழியில் அங்கே வீதி பஜனை தொடர்கிறது. நடந்து போகும் பாட்டு ஒரு வீட்டு வாசலில் இரண்டு நிமிடம் நின்று, அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடும். அந்தப் பாட்டைக் கேட்டு எழுந்தவர்கள் புலம்பியதில்லை, கதவைத் திறந்து பார்த்தார்கள். ஊர்தோறும் கோயில் நிர்வாகிகள் இதை யோசிக்கலாம். ஒலிபெருக்கியைப் பிரகாரத்துக்குள் வைத்துவிட்டு, தெருவுக்குக் குரலை அனுப்பலாம்.

பதினைந்து புள்ளி, எட்டு முடிய

"கோலம் போடுறது நான், லைக் வாங்குறது அவரு." மனைவி போட்ட கோலத்தைக் கணவர் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு கட்டாயம் உண்டு.

மார்கழிக் கோலம் எளிய வேலை இல்லை. வாசல் தெளித்துப் பெருக்கி, ஈரம் காய்வதற்குள் புள்ளி வைக்க வேண்டும். பதினைந்து ஊடுபுள்ளி என்றால் நடு வரிசையில் 15 வைத்து, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைத்து எட்டில் நிறுத்த வேண்டும். ஒரு புள்ளி தப்பினால் கடைசி வளைவு சேராது. பனியில் முதுகை வளைத்து முக்கால் மணி நேரம். முடித்து நிமிரும்போது பால்காரரின் சைக்கிள் அதன் மேலேயே ஏறிப் போகும். பச்சரிசி மாவு என்றால் எறும்பு இழுத்துப் போகும். அதற்காகத்தான் முன்பு அரிசி மாவில் போட்டார்கள் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். கல்லை அரைத்த பொடி என்றால் எறும்புக்கும் உதவாது, காலில் ஒட்டி வீட்டுக்குள்ளும் வரும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் புலம்பலின் ராகம் மாறுகிறது. இரண்டடிக்கு இரண்டடி வாசல். எதிர்வீட்டின் செருப்பு அலமாரி கோலத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். பூசணிப்பூ வைக்கச் சாணிக்கு எங்கே போவது? கீழே பொது வாசலில் போடலாம் என்றால் யார் முறை என்று வாட்ஸ்ஆப் குழுவில் முப்பது செய்திகள். ஒட்டுப்படம் ஒட்டியவரை மற்றவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அவருக்கு முழங்கால் வலி என்பது பலருக்குத் தெரியாது.

இந்த வேலையின் அருமை வெளியுலகத்துக்குத் தெரிந்த அளவுக்கு வீட்டுக்குள் தெரியவில்லை. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகிய மூவரும் 1974-இல் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளோடு பொருத்தி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சிறு வடிவம் ஒன்றை விதிப்படி பெருக்கிப் பெருக்கிப் பெரிய கோலமாக்கும் முறையில் ஒரு கணக்கு இருப்பதை உலகம் கவனித்தது. அந்தக் கணக்கைப் பள்ளிக்கூடம் போகாத பாட்டிகள் விரல் நுனியில் வைத்திருந்தார்கள். சிக்குக் கோலத்தைத் தப்பில்லாமல் போடும் பெண்ணை 'சும்மா வாசல்ல ஏதோ கிறுக்குறா' என்று சொல்லும் வாய்க்கு இந்தச் செய்தியை ஊட்ட வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 'மார்கழி விடியலில் பூமிக்கு இறங்கும் ஓசோனைச் சுவாசிக்கத்தான் பெண்கள் கோலம் போட்டார்கள்' என்று வருடாவருடம் ஒரு செய்தி கைப்பேசியில் சுற்றுகிறது. தரைமட்டத்தில் ஓசோன் வெயிலின் துணையால்தான் உருவாகிறது. விடியலில் அது மிகக் குறைவு. அப்படி இருந்தாலும் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கேடு. பனிக்கால விடியலில் புகையும் தூசும் தரையோடு தங்கிவிடுவதால், ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் சற்று வெளுத்த பிறகு வாசலுக்கு வருவதே நல்லது. கோலம் அழகாக இருக்கிறது, மனசுக்குப் பிடித்திருக்கிறது. போடுவதற்கு அந்தக் காரணம் போதும்.

தனி ஆவர்த்தனமும் கீரை வடையும்

சென்னையில் மார்கழி என்றால் கச்சேரி. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாக மறு ஆண்டு மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பர் இசைவிழா வளர்ந்து, ஒரே நாளில் நகரெங்கும் பல மேடைகளில் பாட்டு ஒலிக்கும் பருவமாக ஆகிவிட்டது. 2017-இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்தது.

ரசிகரின் புலம்பல்: மாலைக் கச்சேரிக்குச் சீட்டு இல்லை, வண்டி நிறுத்த இடமில்லை, பிடித்த இருவர் ஒரே நேரத்தில் வேறு வேறு சபாவில் பாடுகிறார்கள். இளம் பாடகரின் புலம்பல்: பகல் பன்னிரண்டு மணிக்கு மேடை, எதிரே நாற்காலிகள் நிறைய, ஆட்கள் குறைவு. மிருதங்கக் கலைஞரின் புலம்பல்தான் மூத்தது. இரண்டு மணி நேரம் பக்கவாத்தியமாக உட்கார்ந்து, தனக்கென்று கிடைக்கும் தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கும்போது அரங்கத்தில் நாற்காலிகள் மடங்கும் ஓசை கேட்கும். ரசிகர்கள் காபிக்குப் போகிறார்கள்.

கேன்டீன் மேல் பழி போடுவதிலும் பயனில்லை. மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் கல்யாணச் சமையலில் பெயர் வாங்கியவர்களே சபா கேன்டீன்களுக்கு வந்துவிடுகிறார்கள். வாழையிலையில் கல்யாணச் சாப்பாடு, மாலையில் கீரை வடையும் அசோகாவும் பில்டர் காபியும். கச்சேரிக்கு வராமல் சாப்பிட மட்டும் வருபவர்களும் உண்டு. அதைப் பற்றிய புலம்பலும் பருவம்தோறும் உண்டு. தனி ஆவர்த்தனம் பத்து, பதினைந்து நிமிடம்தான். மிருதங்கமும் கடமும் கேள்வி கேட்டு, பதில் சொல்லி, கோர்வையில் ஒன்றுசேரும்போது அரங்கத்தில் இருப்பவர்களுக்குக் கிடைப்பது வாசலில் கிடைக்காது. வடை காத்திருக்கும்.

இந்தப் பருவத்தில் ஒரு புலம்பல் வரலாறாகவே மாறியிருக்கிறது. தமிழர் கூடும் மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் ஏன் கடைசியில், துக்கடாவாக மட்டும் என்று 1930-களிலும் 40-களிலும் பலர் கேட்டார்கள். 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் இசை விமர்சனம் எழுதிய கல்கி அந்தக் குரல்களில் ஒருவர். அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியில் 1943-இல் தமிழ் இசைச் சங்கம் உருவானது. இன்றும் டிசம்பரில் அதன் விழா நடக்கிறது. மார்கழி மேடை எல்லோருக்குமானதாக இல்லை என்ற அடுத்த தலைமுறையின் கேள்விக்கு, 2020-இல் இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' ஒரு பதிலாக வந்தது. கானாவும் ஒப்பாரியும் பறையும் டிசம்பர் மேடையேறின. முணுமுணுத்தவர்கள் முணுமுணுப்போடு நின்றுவிடாமல் மேடை போட்டார்கள். மார்கழி அதனால் சுருங்கவில்லை, அகலமானது.

எட்டு மணி, ஒரு நிமிடம்

தை பிறக்கும் முன் பெருநகரத்தில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் ஒரே கவலை: ஊருக்கு எப்படிப் போவது? 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. ஆகவே பொங்கல் பயணத்துக்கான போர் இப்போது நவம்பர் நடுவில் நடக்கிறது. காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். பாண்டியன், நெல்லை, பொதிகை, முத்துநகர் என்று எதைத் தொட்டாலும் சில நிமிடங்களில் காத்திருப்போர் பட்டியல்தான். கடவுச்சொல்லை ஒருமுறை தப்பாகத் தட்டியவரின் பொங்கல் அந்த நொடியில் ஆம்னி பேருந்துக்கு மாறிவிடுகிறது. அங்கே கட்டணம் விமானத்தோடு போட்டி போடும்.

அரசுப் பேருந்தில் போகலாமென்றால் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் விசாலமானது, சுத்தமானது. ஆனால் திறந்தபோது அதற்கென்று ரயில் நிலையம் இல்லை. வடசென்னைக்காரர் அங்கே போய்ச் சேர்வதற்குள் பாதிப் பயணம் முடிந்த களைப்பு வந்துவிடும் என்ற புலம்பல் நியாயமானது. பேருந்து நிலையம் எங்கே என்பதைத் தீர்மானிக்கும்போது, இரண்டு பையும் ஒரு குழந்தையுமாக வருபவர் அங்கே எப்படி வந்து சேர்வார் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும்.

எல்லாத் தடையும் தாண்டி, விடியலில் ஊர் எல்லைப் பலகையைப் பார்த்ததும் பயணி புலம்பலை மறந்துவிடுகிறார். அவரைக் கொண்டுவந்து சேர்த்த ஓட்டுநர் அதே பேருந்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி சென்னைக்குப் போகிறார். சிறப்புப் பேருந்துகள் ஓடும் நாட்களில் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் பொங்கல் எந்த நிறுத்தத்தில் வருகிறதோ அங்கேதான். இறங்கும்போது அவர்களுக்கு ஒரு பொங்கல் வாழ்த்துச் சொல்ல நமக்கு ஒரு நொடி போதும்.

போகிப் புகை

கொங்கு மண்டலத்தில் போகியன்று காப்புக் கட்டுவார்கள். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு முகப்பில் செருகுவார்கள். முன்பு வேலியோரத்தில் பறித்ததை இப்போது சந்தையில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறதே என்பது அங்கத்துப் புலம்பல். வட மாவட்டங்களிலும் சென்னையிலும் புலம்பல் கண்ணெரிச்சலோடு வருகிறது.

பழைய பாயும் தேய்ந்த துடைப்பமும் உடைந்த முறமும் எரிந்த காலத்தில் போகித் தீ கொஞ்ச நேரத்தில் சாம்பலானது. இன்றைக்கு வீட்டில் பழையது என்றால் பிளாஸ்டிக் வாளி, ரப்பர் செருப்பு, ஃபோம் மெத்தை, பாலியெஸ்டர் துணி. இவை எரிந்தால் வருவது நச்சுப் புகை. நாலரை மணிப் பாட்டைத் தரைக்கு வளைத்த அதே வெதுவெதுப்பான காற்றடுக்கு இந்தப் புகையையும் மேலே போக விடாமல் மூடி வைக்கிறது. பனியும் சேர்ந்துகொள்ள, தெருவிளக்குகூட மங்கலாகத்தான் தெரியும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமாயின, வேறு நகரங்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது.

போகியின் சந்தோஷத்துக்கு இவ்வளவு புகை தேவையில்லை. இருட்டில் குழந்தைகள் தட்டும் போகி மேளம் போதும். ஓலையும் சருகும் கொஞ்சம் எரியட்டும். போட முடிகிற துணியைத் துவைத்து மடித்துத் தேவைப்படுபவருக்குக் கொடுக்கலாம். மற்றதைப் பழைய பொருள் வாங்க வருபவரிடம் போடலாம். இருமிக்கொண்டே பொங்கலை வரவேற்கும் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் புலம்பல் அதோடு நின்றுவிடும்.

கரும்பு, பானை, சிறுகிழங்கு

பொங்கலுக்கு முந்தைய வாரம் கோயம்பேட்டிலும் ஊர்ச் சந்தைகளிலும் கரும்புக் கட்டுகள் குவியும். விலை கேட்டவர் முகம் சுளிப்பார். விற்பவர் அதைவிட அதிகமாகச் சுளிப்பார். இரண்டு பேருக்கும் பின்னால் மூன்றாவதாக ஒருவர் நிற்கிறார்: விளைவித்தவர்.

மேலூர், பண்ருட்டிப் பக்கங்களில் செங்கரும்பைச் சித்திரை, வைகாசி வாக்கில் நடுகிறார்கள். தண்ணீர் பாய்ச்சி, சோகை உரித்து, காற்றில் சாயாமல் கட்டிக் காப்பாற்றி, மார்கழிக் கடைசியில் வெட்டுகிறார்கள். கடித்துத் தின்னும் இந்தக் கரும்பைச் சர்க்கரை ஆலை எடுத்துக்கொள்ளாது. பொங்கல் வாரத்தில் விற்றால்தான் காசு. அதனால்தான் போகி இரவில் விலை இறங்குகிறது. மிச்சமாகும் கட்டைத் திருப்பிக்கொண்டு போக வண்டிச் சத்தம்கூடக் கட்டாது. ரேஷன் கடையில் கொடுப்பதற்காக அரசு வாங்கும் கரும்பு ஆறடிக்குக் குறையக் கூடாது என்பார்கள். அடியில் பூச்சி விழுந்தோ தண்ணீர் போதாமலோ ஐந்தடியில் நின்றுவிட்ட கரும்பின் முன்னால் விவசாயி படும் பாடு, நாம் சந்தையில் செய்யும் பேரத்தைவிடப் பெரியது.

மண்பானைக்காரர் மழையோடு போராடுகிறார். பொங்கலுக்கு முந்தைய மூன்று மாதமும் வடகிழக்குப் பருவமழைக் காலம். வனைந்த பானை காயாது, காயாத பானையைச் சூளையில் வைக்க முடியாது. அவருக்கு வெயில் கிடைக்கும் வாரத்தில்தான் நமக்குப் பானை.

ரேஷன் கடை வாசலில் டோக்கனோடு வரிசை நீளும். தமிழ்நாட்டில் இரண்டு கோடிக்கும் அதிகமான அரிசிக் குடும்ப அட்டைகள் இருக்கின்றன. "கைரேகை விழமாட்டேங்குது" என்று மூதாட்டி இயந்திரத்தில் விரலைத் தேய்த்துத் தேய்த்து வைப்பார். வயலிலும் பாத்திரத்திலும் தேய்ந்த ரேகை அது. வரிசையில் பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்ட, விற்பனையாளர் சர்வர் கோளாறுக்கும் சேர்த்து வசவு வாங்குவார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை.

வீட்டுக்குள் வந்தால் சமையலறை. ஒட்டடை அடித்து, பரணிலிருந்து பாத்திரம் இறக்கித் துலக்கி, வெள்ளையடித்த வீட்டைக் கழுவி முடித்த பெண்ணுக்குப் பொங்கலன்று விடியலில் மறுபடி வேலை தொடங்கும். மொச்சை, அவரை, பரங்கி, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி எல்லாம் நறுக்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் சிறுகிழங்கு இல்லாமல் பொங்கல் இல்லை. மண்ணப்பிய அந்தச் சின்னக் கிழங்கைக் கோணிப்பையில் போட்டுத் தரையில் அடித்துத் தோல் போக்கி, மிச்சத்தை விரலால் சுரண்டுவதற்குள் நகம் கறுத்துவிடும். "கெழங்கு நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் வை" என்று கேட்பவர்கள், அடுத்த வருடம் சுரண்டுகிற இடத்திலும் உட்கார வேண்டும்.

"அந்தக் காலத்துல..."

பண்டிகைப் புலம்பல்களில் எல்லோரும் ஒத்துப்பாடும் பாட்டு இது. அந்தக் காலத்தில் பொங்கல் என்றால் மூன்று நாள் ஊரே மணக்கும். வாழ்த்து அட்டை தபாலில் வரும். கூட்டுக் குடும்பம். விறகடுப்பு. இப்போது எல்லோரும் கைப்பேசியில் தலை கவிழ்ந்து, டிவியில் சிறப்புத் திரைப்படம் பார்த்துப் பொங்கலை முடித்துவிடுகிறார்கள்.

இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தக் காலத்தில் குழந்தைகளாக இருந்தவர்கள். கரும்பு கடிப்பதும் புதுத்துணி உடுத்துவதும் அவர்கள் வேலை. அதே வீட்டில் அதே பொங்கலன்று புகையும் விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த அம்மாவைக் கேட்டால் வேறு கதை வரும். முப்பது பேருக்குச் சமைத்து, கடைசிப் பந்தியில் மிச்சத்தைச் சாப்பிட்டவர் அவர். அவருக்குக் கேஸ் அடுப்பும் மிக்ஸியும் வந்த பிறகுதான் பொங்கல் பானை பொங்குவதை நின்று பார்க்க நேரம் கிடைத்தது. மாட்டுக் கொட்டிலைக் கழுவியவருக்கும், வயலில் அறுத்தவருக்கும், பண்ணையில் படியளக்கக் காத்திருந்தவருக்கும் அந்தக் காலம் ஒன்றுபோல இனித்திருக்காது.

இழந்தது எதுவும் இல்லையென்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கூடி உட்கார்ந்து பேசும் நேரம் குறைந்திருக்கிறது. அண்ணன் தம்பிகள் ஒரே கூரையின் கீழ் மூன்று நாள் இருப்பது அரிதாகிவிட்டது. அதற்காக ஏங்குவதில் நியாயம் உண்டு. ஏங்குவதைத் திரும்பக் கொண்டுவரும்போது, அன்றைக்கு யார் தோளில் அது நின்றதோ அந்தத் தோளுக்கே மறுபடி ஏற்றிவிடக் கூடாது. அடுப்பைப் பங்கிட்டுக்கொண்டால் கூட்டுக் குடும்பப் பொங்கலை இன்றும் வைக்கலாம். மாடு இல்லாத ஊர்களில் டிராக்டரைக் கழுவிப் பொட்டு வைத்து மாட்டுப் பொங்கல் கொண்டாடுகிறார்கள். பண்டிகை மாறி வாழத் தெரிந்ததுதான்.

காணும் பொங்கலுக்கு மறுநாள்

காணும் பொங்கலன்று மெரினாவில் மணல் தெரியாது. குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோறும் பாயும் பந்துமாக வந்து இறங்குவார்கள். வண்டலூரிலும் மாமல்லபுரத்திலும் இதே கூட்டம். கூட்டத்தில் குழந்தை தொலைந்துவிடுமே என்ற பெற்றோர் கவலைக்கு, பிள்ளையின் கையில் பெற்றோரின் கைப்பேசி எண் எழுதிய பட்டையைக் காவல்துறை கட்டிவிடுகிறது. சின்ன ஏற்பாடு, எத்தனையோ அழுகையை அது நிறுத்தியிருக்கிறது. கவலையைக் காதுகொடுத்துக் கேட்டால் தீர்வு இப்படி ஒரு காகிதப் பட்டை விலையில்கூடக் கிடைக்கும்.

அன்று இரவு எல்லோரும் வீடு திரும்பிய பிறகு கடற்கரையில் தட்டும் நெகிழிப் பையும் கரும்புச் சக்கையும் கிடக்கும். அதை விடியலில் அள்ளுகிறவர்கள் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள். மார்கழி முழுக்க நாம் புலம்பியதை ஒன்றுசேர்த்தாலும் அந்த ஒரு காலை வேலைக்கு ஈடாகாது. அவர்களுடைய புலம்பல் நம் காதுக்கு வந்து சேர்வதே இல்லை. கொண்டுபோன பையிலேயே குப்பையை வீட்டுக்குக் கொண்டுவரும் குடும்பம், அவர்கள் கேட்காமலேயே பதில் சொன்ன குடும்பம்.

ஆகவே, இந்த வருடமும் தாராளமாகப் புலம்புவோம். கூட்டத்தில், விலையில், தூக்கத்தில், முதுகுவலியில் பண்டிகையின் உண்மையான கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை மறைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு மட்டும் கொண்டாடச் சொன்னால், சுமப்பவர்கள் ஒரு நாள் 'போதும்' என்று சொல்லிவிடுவார்கள். பண்டிகைகள் மறைவதும் அப்படித்தான்.

இந்த மார்கழியில் உங்கள் வீட்டில் காதில் விழும் புலம்பல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கோலமோ, கிழங்கோ, ரயில் டிக்கெட்டோ, பாத்திரம் துலக்குவதோ, எதுவானாலும் சரி. "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டிவிட்டு நகராமல், "இதை இந்தத் தடவை நான் செய்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் நம்ப மாட்டார்கள். செய்து முடித்த பிறகு, நீங்கள் செய்தது சரியில்லை என்று புதிதாக ஒரு புலம்பல் வரும். அதையும் கேட்டுக்கொண்டு, அடுத்த வருடம் இன்னும் சரியாகச் செய்யுங்கள்.